கொல்லைப்புறத்து எஸ்டிமேட்

எங்கள் வீட்டுக் கொல்லை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த அளவைச் சொல்லிவிடுவேன். வங்காளத்தில், பெஹாலாவில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷத்திலிருந்து, அந்தக் கொல்லைக்கு ஒரு சிமெண்ட் தளம் போட என்ன செலவாகும் என்று என் கணவர் வருஷம் தவறாமல் கணக்குப் போட்டு வந்தார். முப்பது வருஷம் கணக்கு மட்டும்தான் போட்டார், தளம் போடவில்லை.

அவர் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவர். யார் யாரோ கட்டப்போகும் வீடுகளின் எஸ்டிமேட்டுகளை வாங்கி, சிவப்புப் பென்சிலால் வெட்டி, குறைத்து, கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு உத்தியோகம். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? துர்கா பூஜைக்குச் சில நாள் முன்னால் போனஸ் வரும். வந்த அன்று மாலையே, லேக் மார்க்கெட் மளிகைக்கடையில் கொடுத்த காலண்டரிலிருந்து முடிந்துபோன மாதத்தைக் கிழித்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். தாளின் பின்பக்கம் வெள்ளையாக, வழுவழுவென்று இருக்கும். முன்பக்கத்து முருகனைக் கவிழ்த்துப் போட்டு, "நீளம் பன்னிரண்டு, அகலம் பத்து, கனம் நாலு அங்குலம்" என்று தலைப்பில் எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவார்.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் எனக்கும் மனப்பாடம். நாலு அங்குலம் என்பது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக நாற்பது கன அடி காங்கிரீட் வேண்டும். ஆனால் சிமெண்டும் மணலும் ஜல்லியும் நாற்பது கன அடிக்கு வாங்கினால் போதாது. தண்ணீர் விட்டுக் கலந்ததும், ஒரு கட்டுக் கீரை வாணலியில் அடங்கிப்போவது போல அது அடங்கிவிடும். அதனால் அறுபதுக்குக் கொஞ்சம் மேலேயே வாங்கவேண்டும். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு என்பது விகிதம். அடியில் பரப்பச் செங்கல் முந்நூற்று ஐம்பது. கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் மறுபடியும் இரட்டைக் கோடு.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கன அளவு சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்தக் கொல்லைக் கணக்கில் மட்டும் என்னை மூக்கை நுழைக்க விடமாட்டார். காபியை வைத்துவிட்டு லேசாக எட்டிப் பார்த்தால் தாளைக் கையால் மறைத்துக்கொள்வார். பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரி பார்த்துவிட்ட மாதிரி.

முதல் வருஷத்து எஸ்டிமேட்டில் சிமெண்ட் மூட்டை நூறு ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. அந்தப் பணம் ஃபிரிட்ஜாக வந்து சமையலறையில் நின்றது. அடுத்த வருஷம் ஊரில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதற்கடுத்த வருஷம் என்னவென்று ஞாபகமில்லை, ஆனால் தளம் இல்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது போனஸ் முழுவதும் ஜாதவ்பூரில் ஒரு டியூஷன் வகுப்புக்குப் போயிற்று. அவள் அங்கேயே இன்ஜினியரிங் சேர்ந்தாள். படித்து முடித்துப் புனேவுக்குப் போகிற நாள்வரை கொல்லையில் சேறுதான்.

"சாங்ஷன் ஆயிடுச்சு, ரிலீஸ்தான் ஆகல" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். வங்கிக்காரர்களின் நகைச்சுவை. நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

சேறு என்றால் சாதாரணச் சேறு இல்லை. பெஹாலாவில் பாதி இடம் ஒரு காலத்தில் குளமாக இருந்தது. மழைக்காலம் வந்தால் மண்ணுக்கு அது நினைவு வந்துவிடும். பின்கதவிலிருந்து துணிக்கொடி வரைக்கும் ஒற்றை வரிசையாக, இரண்டிரண்டாக அடுக்கி நாற்பது செங்கல் போட்டு வைத்திருந்தோம். அதில்தான் நடமாட்டம். மகள் ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போவாள். நான் துணி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். அவர் ஆபீஸ் ஷூவும் முழுக்கைச் சட்டையுமாக, கொடியில் மறந்துபோன கைக்குட்டையை எடுக்க அந்தச் செங்கல்களின்மேல் போகிற அழகைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, முகத்தில் மட்டும் மேனேஜர் களை குறையாமல்.

ஒரு ஆடியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் பின்கதவைத் திறந்தால் கொல்லையில் கெண்டைக்கால் அளவுத் தண்ணீர், தண்ணீரில் மீன். பின்னால் இருந்த குளம் நிறைந்து எங்கள் பக்கம் வந்திருந்தது. நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். மூன்று பேரும் கதவில் நின்றுகொண்டு, விருந்தாளி வந்துவிட்டார்களே, என்ன கொடுப்பது என்பது போல விழித்தோம். பக்கத்து வீட்டு பௌதி – நம் பக்கத்தில் அண்ணி என்போம் – முறத்தோடும் வாளியோடும் வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, அரை மணியில் இருபது கெண்டைக்கு மேல் பிடித்தாள். போகும்போது என் கணவரிடம், அண்ணன் முறை வைத்து, "தாதா, இங்கே சிமெண்ட் கிமெண்ட் போட்டுடாதீங்க, பாவம்" என்று வங்க மொழியில் சொல்லிவிட்டுப் போனாள். பாவம் என்றது மீனையா, தன்னையா என்று தெரியவில்லை. அந்த வருஷம் எஸ்டிமேட் போட்டபோது, "பௌதி ஆட்சேபணை" என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்தார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. கையில் பணம் இல்லை, காலில் சேறு. ஆனால் வருஷத்துக்கு ஒரு மாலை, அவர் தாளைக் கவிழ்த்துப் போட்டு எழுத, அடுத்த மழைக்குள் தளம் வந்துவிடும் என்று மூன்று பேரும் நிஜமாகவே நம்புவோம். நான் அங்கே இழைக் கோலம் போடுவேன், மகள் ஷட்டில் ஆடுவாள், அவர் குளிர்கால வெயிலில் சாய்வு நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். இதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் தீர்மானமாகும். அந்த மாலைகள் எனக்கு வேண்டும்போல் இருக்கிறது.

ரிட்டயரானதும் போனஸ் நின்றது. எஸ்டிமேட் நிற்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் நின்றது. பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வலது பக்கமாகச் சரிந்தார். பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வலது கை ஒத்துழைக்கவில்லை. நடக்க வாக்கர்.

உடம்பு இப்படி ஆனதைவிட, ஆனதை நினைவுபடுத்தும் பொருட்கள்தான் அவருக்கு ஆகவில்லை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தேன். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எடு" என்றார். எடுக்கும்வரை குளிக்கவில்லை. வாக்கரை அந்தப் பெயரால் சொல்லமாட்டார், "அது" என்பார். நடக்கும்போது முழங்கையைப் பிடித்தால் உதறிவிடுவார். எனக்கும் கோபம் வரும். நாற்பது வருஷம் கூடவே இருந்தவள் முழங்கையைத் தொடக்கூடாதா என்று சமையலறையில் பாத்திரத்தை டங்கென்று வைப்பேன்.

குளிர்காலம் வந்தது. எங்கள் தெருவில் எதிர்ப்பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பு எழும்பிய பிறகு வாசல் வராந்தாவில் வெயில் விழுவதில்லை. பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை கொல்லையில் மட்டும்தான் விழும். முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பின்கதவு வழியாகத் தெரிகிற அந்தச் சதுர வெயிலையே பார்த்துக்கொண்டிருப்பார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கதவுக்கும் கொல்லைக்கும் நடுவே இரண்டு படி, அதற்குக் கீழே ஈர மண். வாக்கரின் கால்கள் மண்ணில் புதையும்.

ஒரு நாள் மனது கேட்காமல், தெருமுனை இளைஞர் கிளப்பிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தேன். நல்ல மனிதர்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொல்லையில் இறக்கி வைத்தார்கள். தூக்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெயில் முகத்தில் விழுந்தும் திறக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "உள்ளே போலாம்" என்றார். அதற்குப் பிறகு பின்கதவுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகை என்னால் தாங்க முடியவில்லை. இந்த மனிதர் தன் காலால் கொல்லைக்குப் போகவேண்டும், குளிர் முடிவதற்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் இவர் கட்டிலோடு போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் காலண்டரிலிருந்து டிசம்பரைக் கிழித்தேன்.

கொத்தனாரை வரச்சொன்னேன். ஐம்பது வயதுக்காரர், இந்தப் பக்கத்துப் பாதி வீடுகளுக்குக் காங்கிரீட் போட்டவர். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, விகிதம் பிரித்து, சேதாரம் சேர்த்து, சிமெண்ட் எட்டு மூட்டை என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவர் கொல்லையைக் குறுக்கே ஒரு தடவை நடந்துவிட்டு, "ஆட் போஸ்தா, மாசிமா" என்றார். எட்டு மூட்டை, பெரியம்மா. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் முப்பது எஸ்டிமேட்டிலும் இல்லாத ஒன்றை அவர் பார்த்தார். பின்வாசற்படி மண்ணிலிருந்து பதினைந்து அங்குல உயரம். செங்கல்லும் காங்கிரீட்டும் சேர்ந்து ஏழு அங்குலம் ஏறும். மீதி எட்டு அங்குலம் இருக்கிறதே, மேசோமஷாய், அதாவது பெரியப்பா, எப்படி இறங்குவார் என்று கேட்டார். நாங்கள் கணக்குப் போட்ட காலத்தில் அது ஒரு தாவல். தளத்துக்குக் கன அடி தேடியவர்கள், காலுக்கு ஒரு வரி எழுதியதே இல்லை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று, சுவரை ஒட்டி எட்டு அடி நீளத்தில் ஒரு சரிவு கட்டினால் வாக்கர் தானாக இறங்கும் என்றார் கொத்தனார். அகலம் மூன்று அடி போதும்.

சரிவு என்றால் ஆஸ்பத்திரி வாசலில் இருக்குமே, அது. குளியலறைக் கம்பிக்கே குளிக்க மறுத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். நான் செய்ததிலேயே மட்டமான தந்திரம் அதுதான். சிமெண்ட், மணல், ஜல்லி, செங்கல், கூலி எல்லாவற்றையும் தனித்தனியே எழுதிவிட்டு, சரிவுக்கான தொகையைக் கடைசியில் "இதர செலவுகள் – ஆறாயிரம்" என்பதற்குள் திணித்துவிட்டேன். கொத்தனாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். கட்டி முடித்த பிறகு என்ன செய்துவிடுவார் என்று ஒரு தைரியம். வாழ்நாள் முழுக்க எஸ்டிமேட் பார்த்த ஒருவரிடம், "இதர" என்று எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடம், இதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

முதலில் வாங்கிக்கொள்ளவே இல்லை. சுவர்ப் பக்கமாகவே கிடந்தார். தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சரி பாருங்க. நான் போட்ட கணக்கு, தப்பு இருக்கும்" என்றேன். அது வேலை செய்தது. மெதுவாகத் திரும்பினார். கண்ணாடி கேட்டார். பிறகு இடது கையை நீட்டிப் பென்சில் கேட்டார்.

"எட்டு மூட்டை எதுக்கு? ஏழு போதும்."

"சேதாரம் இருக்கே."

ஒரு டிக் போட்டார். கோணலான டிக். மணலுக்கு ஒன்று, ஜல்லிக்கு ஒன்று. செங்கல்லில் நின்றார்.

"பழசு... நாப்பது இருக்கே. கழி."

கழித்தேன். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. பேச்சுக்குச் சொல் தேடுகிறவருக்கு எண்கள் தேடாமலே வந்தன. பென்சில் கடைசி வரிக்கு வந்தது.

"இதர. என்ன இது?"

"சில்லறைச் செலவுதாங்க."

"பிரிச்சுச் சொல்லு."

சந்துக்குள் லாரி வராது, மணலும் ஜல்லியும் வண்டியில் இழுத்துவர ஆயிரத்து இருநூறு என்றேன். இரண்டு நாள் டீ, டிஃபன் நானூறு. காங்கிரீட் போடுகிற அன்று ஆட்களுக்கு மிஷ்டி என்கிற இனிப்பு வாங்கித் தருவது இந்த ஊர் வழக்கம், அதற்கு முந்நூறு. அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம். மீதி நாலாயிரத்து நூறு?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வகுப்பில் எத்தனை பெண்களை இப்படி நிற்க வைத்திருப்பேன்.

"சொல்லு."

"சரிவு. படியிலேருந்து இறங்க. ஒங்க... வாக்கருக்கு."

அந்தப் பெயரை அவர் முன்னால் முதல் தடவையாகச் சொன்னேன். தாளைக் கசக்கி எறிவார் என்றுதான் நினைத்தேன். எறிந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டியே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பின்கதவைப் பார்த்தார். பல நாள் கழித்து அப்போதுதான் பார்த்தார். வெளியே வெயில் பாதிக் கொல்லைக்கு வந்திருந்தது.

"அகலம் எவ்வளவு?"

"மூணு அடி. அதுக்கு மூணு போதுமாம்."

"அதுக்குப் போதும்" என்றார். பென்சிலை எடுத்து, நான் எழுதியிருந்த "இதர"வை அடித்தார். அதன் கீழே மிக மெதுவாக, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை. "சரிவு. எட்டுக்கு நாலு அடி."

"நாலு எதுக்குங்க? கொல்லையில ஆறு அடிதான் மிஞ்சும். சிமெண்டும் அரை மூட்டை கூடும். அரை மூட்டை யார் தருவா, ஒண்ணா வாங்கணும்."

நாற்பது வருஷத்தில் ஒரு எஸ்டிமேட்டையும் ஏற்றி எழுதாத மனிதர். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ... எங்க நடப்பே?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுதுவிட்டேன். மறைத்து அழ எங்கேயும் போகவில்லை, அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் தாளை நகர்த்தி, மொத்தத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். ஒன்பது மூட்டை.

ஜனவரி முடிவதற்குள் கொத்தனார் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் சாக்கு விரித்து, காலை மாலை தண்ணீர் ஊற்றிக் காயாமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு பௌதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் மீன் வராதே என்று குறைப்பட்டாள். பிப்ரவரியில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது, அதில் பதினாறு நாள் கிடைத்தது.

இது இரண்டாவது குளிர்காலம். பதினொரு மணி ஆனால் அவர் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாக்கரோடு பின்கதவு வரைக்கும் தானே போய்விடுகிறார். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. நான் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை, முழங்கையைக் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்.